பொறிச்செடி

செம்பருத்தி சுத்தமாக இருந்தது. செடிக்காரிக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

வேறு யாராவது என்றால் மகிழ்ந்துபோயிருப்பார்கள். ஆனால் அந்தச் செம்பருத்தியை அவள் சுத்தமாக இருப்பதற்காக வளர்க்கவில்லை. அலுவலகங்களுக்குத் தொட்டிச்செடிகளை வாடகைக்குக் கொடுத்து, வாராவாரம் போய் இலை துடைத்து, தண்ணீர் ஊற்றிவிட்டு வருவது அவள் தொழில். நோய் கண்ட செடிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, பின்பக்கத்துக் கண்ணாடி அறையில் வைத்து வைத்தியம் பார்ப்பாள். அந்த அறைக்கு நடுவில் எப்போதும் ஒரு செம்பருத்தித் தொட்டி நிற்கும். மாவுப்பூச்சிக்குச் செம்பருத்தி என்றால் உயிர். எந்தச் செடியின் எந்த இடுக்கில் பூச்சி ஒளிந்திருந்தாலும், அதன் குஞ்சுகள் மற்றதையெல்லாம் விட்டுவிட்டுச் செம்பருத்தியைத் தேடி ஊர்ந்து வரும். தொழிலில் இதற்குப் பொறிச்செடி என்று பெயர். அது வெள்ளை பூத்து நின்றால் அறையில் நோய் இருக்கிறது என்று அர்த்தம், மற்ற செடிகள் தப்பித்தன என்றும் அர்த்தம்.

அவளுக்கு நினைவு தெரிந்து அந்தச் செம்பருத்தி முழுசாகச் சுத்தமாக இருந்ததே இல்லை. இலையைத் திருப்பிப் பார்த்தாள். மொட்டின் கழுத்தைப் பார்த்தாள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடங்களைப் பூதக்கண்ணாடி வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாள். பஞ்சுப் பிசிறு மாதிரி ஒன்றுகூட இல்லை. அறையில் இருந்த மற்ற தொட்டிகளும் அப்படித்தான், கழுவித் துடைத்து வைத்த பாத்திரங்களாக மின்னிக்கொண்டு நின்றன. கண்ணாடிக் கூரைமேல் மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஈரமண் வாசனையும் வேப்பெண்ணெய்க் கசப்பும்தான் அந்த அறையின் வழக்கமான மணம். இன்று அவற்றுக்கு அடியில் இனிப்பாக, லேசாகப் புளித்த வேறொரு வாடை இருந்தது. எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"என்னடி அந்தச் செடிய அப்படி உத்துப் பாக்கற? பேன் பாக்கறியா?" என்றாள் அக்கா, ஜன்னலோரத்து சாய்வு நாற்காலியிலிருந்து.

"பூச்சியே இல்லக்கா."

"இல்லேன்னா நல்லதுதான? அதுக்கு ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்க?"

"நல்லதுதான்," என்றாள் செடிக்காரி. அக்கா அந்த வாக்கியத்தை நடுவில் நிற்காமல், மூச்சு வாங்காமல், ஒரே இழுப்பில் சொல்லி முடித்ததைக் கேட்டதும் அவள் செம்பருத்தியை மறந்துபோனாள்.

அக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தபோது நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாது. மூச்சை உள்ளே இழுத்தால் உறிஞ்சு குழாயில் அடிமட்டத் தண்ணீரை உறிஞ்சுகிற சத்தம் வரும். காய்ச்சலில் நுரையீரல் பாதிக்குமேல் கெட்டுவிட்டது என்றார் டாக்டர். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. ஆசைப்பட்டத செஞ்சு குடுங்க," என்றும் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாதவர் யாரும் இல்லை. ஆஸ்பத்திரி நடையில் அத்தான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு அழுதார். தொலைவில் ஒரு தொழிற்சாலையில் வேலை, வாரக்கணக்கில் லீவு கிடைக்காது, வீட்டில் வேறு ஆள் இல்லை. செடிக்காரிதான் முன்னால் வந்தாள். அவளுக்கும் இந்த உலகத்தில் கூடப்பிறந்தவள் என்று இருப்பது அக்கா ஒருத்திதான்.

"என் கையில பட்டுப்போன செடியே துளிர்க்குது அத்தான். அக்கா துளிர்க்க மாட்டாளா?" என்று பெருமையாகச் சொல்லித்தான் அழைத்துவந்தாள்.

கண்ணாடி அறையில் உட்காரவேண்டும் என்று கேட்டது அக்கா. வெளிச்சமும் வெதுவெதுப்பும் அங்கேதான். நோய்ச்செடி இருக்கிற அறையில் மனிதர்கள் வந்துபோகக்கூடாது, துணியில் ஒட்டிக்கொண்டு குஞ்சுகள் பரவிவிடும் என்பது அவளே போட்ட சட்டம். அக்காவுக்காக அதைத் தளர்த்தினாள். சாய்வு நாற்காலியைப் போட்டு, பக்கத்தில் ஆக்சிஜன் மெஷினையும் வைத்தாள். அது இரவும் பகலும் உறுமும், இடையிடையே பெருமூச்சு விடும். சில நாட்களில் வீடே அந்தச் சத்தத்துக்குப் பழகிப்போயிற்று.

மணிபிளான்ட் வந்ததும் அதே வாரத்தில்தான். இழுத்து மூடிய ஓர் அலுவலகத்திலிருந்து தன் தொட்டிகளை எடுத்துவரப் போயிருந்தாள். வேன் ஓட்டுகிறவருக்கு 'வேகம்' என்று பெயர் வைத்திருந்தாள், ஆமை அவரை முந்திப் போகும் என்பதால். பூட்டிய அறையில் வெயில் காலம் முழுக்கக் கிடந்த செடிகள் எல்லாம் சருகாகி, தொட்டால் பொடிந்தன. ஒன்று மட்டும் உயிரோடு இருந்தது. கொடி முழுக்க மாவு அப்பியது போல வெள்ளைப் பூச்சி, இடைவெளியே இல்லாமல். அதை விரலால் வழித்தால் உள்ளே தண்டு பச்சைப்பசேல் என்று இருந்தது. மண்ணோ ஓடு மாதிரிக் காய்ந்து கிடந்தது.

"இத்தன நாளா இதுக்கு யாரும்மா தண்ணி ஊத்துனா?" என்றார் வேகம். அவர் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. "விட்டுட்டு வாங்க. பாக்கவே ஒரு மாதிரியா இருக்கு."

"உயிரோட இருக்கறதக் குப்பையில போட எனக்குக் கை வராதுண்ணே," என்றாள் அவள். தனியாக ஒதுக்கி வைக்க வேறு இடம் இல்லை. கண்ணாடி அறையில், அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்து மூலையில் வைத்தாள்.

சோப்புக் கரைசல் அடித்தாள். வேப்பெண்ணெய் அடித்தாள். பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு, ஒவ்வொரு கணுவாகத் துடைத்தாள். சில நாட்களில் வெள்ளை மறைந்தது. இவ்வளவு சீக்கிரம் எந்தச் செடியிலும் மறைந்ததில்லை, தன் கைராசி என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த நாளே கொடி தொங்கிப்போய், தண்டு கொழகொழத்துக் கருகியது. வைத்தியம் பலித்தது, நோயாளிதான் போய்விட்டான் என்று அக்காவிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டே அதைத் தூக்கி எறிந்தாள்.

இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவள் அவள். பூச்சி காணாமல் போனால் அது செத்துவிட்டதா, இடம் மாறிவிட்டதா என்று பார்க்கவேண்டும் என்பதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். அந்த வாரம் அவள் பார்க்கவில்லை. அக்கா தேற ஆரம்பித்திருந்தாள், வீட்டில் வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

முதலில் இருமல் நின்றது. பிறகு உதட்டின் நீலம் போயிற்று. ஒருநாள் காலை செடிக்காரி எழுந்தபோது வீடு நிசப்தமாக இருந்தது. மெஷின் சத்தம் கேட்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் மெஷினின் பொத்தானை அக்காவே அணைத்துவிட்டு, மூக்குக் குழாயைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். "எனக்கு இது வேணாம் சின்னு. தண்ணி மட்டும் குடு," என்றாள். செடிக்காரி அவள் மடியில் தலைவைத்து அழுதாள். அக்காவின் கை மெதுவாக அவள் தலையைத் தடவியது. கை குளிர்ந்து, வழவழவென்று இருந்தது. அப்போது அதெல்லாம் ஒரு விஷயமாகவே தோன்றவில்லை.

அதற்குப் பிறகு அக்கா கேட்டதெல்லாம் தண்ணீர்தான். சாப்பாட்டைத் தட்டில் அளைந்துவிட்டு வைத்துவிடுவாள். ஆனால் கன்னம் பூரித்திருந்தது, தோல் பளபளத்தது. காலையில் கிழக்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள், சாயங்காலம் மேற்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நாற்காலியைத் திருப்பும் சத்தத்தை மட்டும் செடிக்காரி ஒருநாளும் கேட்டதில்லை. குளிப்பதற்குத் துணை வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொள்வாள். குளித்துவிட்டு வரும்போது கழுத்து மடிப்பிலும் காதுக்குப் பின்னாலும் பவுடர் அப்பியிருக்கும். எப்போதும் பவுடர் பைத்தியம்தான் என்று தங்கை கேலி செய்வாள், அக்கா பதிலுக்குச் சிரிப்பாள்.

இன்று காலை அத்தான் போன் செய்திருந்தார். லீவு கிடைத்துவிட்டது, சாயங்காலம் வந்து அழைத்துப்போகிறேன் என்றார். "அவ குரல்தானா அது? நெசமாவே நிறுத்தாமப் பேசறாளே! என்ன மருந்தும்மா குடுத்த?" என்று கேட்டவரின் குரல் தழுதழுத்தது. செடிக்காரிக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்தப் பெருமையோடு கண்ணாடி அறைக்கு வந்தபோதுதான் சுத்தமான செம்பருத்தி கண்ணில் பட்டது. இப்போது சீப்பை எடுத்துக்கொண்டு அக்காவின் பின்னால் போய் நிற்கும்போது எறும்புகளும் கண்ணில் பட்டன.

சுவரோரத்திலிருந்து ஒரு வரிசை. தரையின் ஓட்டு விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தொட்டிகளைச் சுற்றிக்கொண்டு, எதையும் நின்று பார்க்காமல், நாற்காலிக் காலில் ஏறியது. போகிற எறும்புகளின் வாயில் எதுவும் இல்லை. திரும்பி வருகிற எறும்புகளின் வயிறு உப்பிக் கண்ணாடியாக மின்னியது. வரிசை நாற்காலிக் கையைத் தாண்டி, அக்காவின் சட்டைக் கைக்குள் போய் மறைந்தது.

"அக்கா, எறும்பு ஏறுது! கடிக்கலையா?"

"கடிக்காது," என்றாள் அக்கா.

சட்டையைத் தட்டிவிட்டாள். வரிசை கலைந்து, மறுபடி சேர்ந்துகொண்டது. மழை வலுத்தது. கூரைக் கண்ணாடியில் வழிந்த தண்ணீரின் நிழல் அறை முழுக்க, இலைகள்மேலும் அக்காவின் பின்கழுத்தின்மேலும் ஊர்ந்துகொண்டிருந்தது. செடிக்காரி தலைமுடியை ஒதுக்கி வகிடு எடுத்தாள். முடி பிசுபிசுத்தது, சீப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த இனித்த வாடை இங்கிருந்துதான் வந்தது. காதுக்குப் பின்னால் பவுடர் கட்டியாக அப்பியிருந்தது. துடைத்துக்கொள்ளக்கூடவா தெரியாது என்று நினைத்து, குனிந்து, உஃப் என்று ஊதினாள்.

பவுடர் பறக்கவில்லை.

மறுபடி ஊதினாள். வெள்ளையின் ஓரத்தில் மெழுகு நூல்கள் லேசாக அசைந்தன. ஒரு துணுக்கு மட்டும் எரிச்சலோடு நகர்ந்து, காதுமடல் மண்டையோடு சேரும் இடுக்கில், நெருக்கமாக, இன்னொன்றின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது.

எத்தனையோ ஆயிரம் தடவை பார்த்த அசைவு. இலைக்காம்பில் பார்த்தது. மொட்டின் கழுத்தில் பார்த்தது. அவள் மூளை அதன் பெயரை உடனே சொல்லிவிட்டது.

"அக்கா. சட்டையக் கொஞ்சம் இறக்கு."

"வேணாம் சின்னு."

"இறக்கு!"

அக்கா அசையவில்லை. தங்கையே அவளை முன்னால் சாய்த்து, பொத்தானைக் கழற்றி, கழுத்துப் பட்டியைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

முதுகெலும்பின் ஒவ்வொரு முடிச்சிலும் வெள்ளை. தோள்பட்டை எலும்பின் குழியில் வெள்ளை. அக்குளிலிருந்து வழிந்த வெள்ளை. இடைவெளியே இல்லாமல். அதன்மேல் எறும்புகள், பூச்சி கசியவிடும் இனிப்பு நீரைக் குடித்துக்கொண்டு, மெதுவாக, மாடு மேய்ப்பவர்களின் நிதானத்தோடு நடந்துகொண்டிருந்தன.

அவள் கை பழகிய கை. அது தானாகவே அலமாரிக்குப் போயிற்று. பஞ்சு. ஸ்பிரிட் பாட்டில். திரும்பி வந்து, வலது தோள்பட்டையின் குழியில் அழுத்தித் துடைத்தாள். ஸ்பிரிட் பட்டதும் மெழுகு கரைந்து, பூச்சிகள் செம்பழுப்பாக நிறம் மாறின. பஞ்சு பஞ்சாக வழித்தெடுத்தாள். சாகாததையும் சேர்த்து வழித்து ஒரு தட்டில் போட்டாள். அடியில் தோல் தெரிந்தது. ஊசி முனையளவு துளைகள். ஒவ்வொன்றிலும் தெளிவான ஒரு துளி நீர். ரத்தம் இல்லை.

"வலிக்குதாக்கா? இதோ, இதோ முடிஞ்சிடும். எல்லாத்தையும் எடுத்துடறேன். அத்தான் வர்றதுக்குள்ள எடுத்துடறேன்."

பதிலுக்கு அந்தச் சத்தம் வந்தது.

உறிஞ்சு குழாயில் அடிமட்டத் தண்ணீர்.

செடிக்காரி முன்னால் ஓடி வந்து முகத்தைப் பார்த்தாள். அக்காவின் வாய் திறந்திருந்தது. வலது பக்க விலா எழும்பவே இல்லை. இடது பக்கம் மட்டும் எழுந்து எழுந்து அடங்கியது. உதடு நீலம் பாய்ந்துகொண்டிருந்தது.

மெஷினைத் தட்டினாள். உறுமியது. குழாயை மூக்கில் வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. குமிழைக் கடைசி வரை திருகினாள். ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய ஓடத் திரும்பினாள், அக்காவின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"எடுக்காத," என்றாள் அக்கா. வார்த்தைக்கு வார்த்தை நின்று. "மொதல்ல... அரிச்சுது. அப்புறம்... மூச்சு வந்துது. திருப்பி... வெச்சிடு."

"அக்கா..."

"சின்னு. செத்துடுவேண்டி."

மணிபிளான்ட் அவள் கண்முன் வந்து நின்றது. தண்ணீர் இல்லாத மண்ணில் பச்சைப்பசேல் என்று. அவள் கையால் துடைத்த மறுநாள் கொழகொழத்துப்போய்.

வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை. அதுதான் உண்மை. தட்டில் ஸ்பிரிட் படாமல் தப்பித்தவை மெழுகு நூல்களை இழுத்துக்கொண்டு தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்தன. இலையிடுக்கில் தூசு தட்டுகிற மெல்லிய தூரிகையை எடுத்தாள். வாழ்நாள் முழுக்க இவற்றைக் கொன்றே சோறு தின்றவள், ஒவ்வொன்றாக, கால் ஒடியாமல், தூரிகை நுனியில் ஏந்தி, அக்காவின் தோள்பட்டைக் குழியில் இறக்கிவிட்டாள். அவை கொஞ்ச நேரம் சுற்றின. இடம் பார்த்தன. படுத்தன. தோலில் மெல்லிய சிலிர்ப்பு ஓடியது.

போதவில்லை. சத்தம் நிற்கவில்லை.

இடுப்புப் பக்கம் அடர்ந்து கிடந்ததிலிருந்து எடுத்து மேலே வைத்தாள். பிழைக்க வேண்டிய செடிக்குப் பதியன் வைக்கிற கவனத்தோடு வைத்தாள். அழுதுகொண்டே வைத்தாள். கண்ணீர் தூரிகையில் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு வைத்தாள். வெளிச்சம் மங்கியது. விளக்கைப் போட எழுந்திருக்கவில்லை. எறும்புகள் அவள் விரல்மேல் ஏறி, முகர்ந்து பார்த்துவிட்டு, வேலையைப் பார்க்கப் போயின.

எப்போது என்று தெரியவில்லை. வலது விலா எழும்பியது. அடங்கியது. மறுபடி எழும்பியது. நீலம் வடிந்தது.

"இப்ப தேவல," என்றாள் அக்கா, நிறுத்தாமல். "சட்டைய ஏத்திவிடு. அவருகிட்ட ஒண்ணும் சொல்லிடாத."

சட்டையை ஏற்றிவிட்டாள். பொத்தானைப் போட்டாள். கூந்தலைப் பின்னாமல், காதை மறைக்கிற மாதிரி தளர விட்டாள். கூந்தலைக் கையால் ஒதுக்கும்போது காதுக்குப் பின்னால் புதிதாக ஒன்றைப் பார்த்தாள். வெள்ளைப் பைகள் வெடித்திருந்தன. உள்ளேயிருந்து குஞ்சுகள் வந்துகொண்டிருந்தன. மஞ்சளாக, பொடியாக, ஊசியால் குத்திய புள்ளிகளைப் போல. இந்தப் பருவத்தில்தான் அவற்றுக்கு நன்றாக நடக்க வரும். பழைய இடத்தில் தங்காது. இடம் தேடும்.

கேட்டின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது.

"எங்கம்மா அவ?" அத்தானின் குரல் முன்னறையிலேயே உடைந்திருந்தது. முகம் மழித்து, புதுச் சட்டை போட்டு, கையில் அக்காவுக்கு ஒரு ஜோடி புதுச் செருப்போடு வாசலில் வந்து நின்றார். நாலு பேர் எதிரில் மனைவியின் விரலைக்கூடத் தொடாத மனிதர். அக்கா நாற்காலியிலிருந்து தானாகவே எழுந்து நின்றதைப் பார்த்ததும் செருப்பு கையிலிருந்து நழுவியது.

"எழுந்துட்டியா! ஐயோ, நீயா நிக்கற!"

அக்கா நடந்தாள். அவர் கைகளை விரித்தார்.

செடிக்காரி தூரிகையை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். அத்தான், தொடாதீங்க. இரண்டே வார்த்தை. தொண்டை வரை வந்துவிட்டது.

அக்கா அவர் தோளில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு, தங்கையைப் பார்த்தாள். அவள் மூச்சு சீராக, நிதானமாக வந்துகொண்டிருந்தது. உள்ளே. வெளியே. உள்ளே.

செடிக்காரி வாயை மூடிக்கொண்டாள்.

அக்காவின் கூந்தலுக்குள்ளிருந்து மஞ்சள் புள்ளிகள் வரிசையாக இறங்கின. புதுச் சட்டையின் கழுத்துப் பட்டியில் ஏறின. ஒரு கணம் விளிம்பில் நின்று முன்கால்களைத் தூக்கிப் பார்த்தன. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக அத்தானின் கழுத்து மடிப்புக்குள் இறங்கின.

அத்தான் ஒரு கையால் கழுத்தைச் சொறிந்துகொண்டார். பிறகு அந்தக் கையையும் கொண்டுவந்து, மனைவியை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார்.